நெய்வேலியின் ஜூலை 1

2020 ஜூலை 1 காலை, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகில் பாய்லர் வெடித்தது. நின்றிருந்த அலகை மீண்டும் இயக்க ஆயத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஆறு பேர் அங்கேயே மாண்டனர். 17 பேர் காயமடைந்தனர். சென்னையில் சிகிச்சை பெற்றவர்களிலும் பலர் அடுத்தடுத்து இறக்க, பலி பத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதே நிலையத்தின் ஆறாம் அலகில் மே 7 அன்று நேர்ந்த விபத்தின் துயரமே அப்போது ஆறியிருக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் இன்னொன்று என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

இந்நிலையத்தில் எரியும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி ஈரம். ஆனாலும் காற்றுப் பட்டால் தானாகவே கனன்று தீப்பிடிக்கக்கூடியது. அதனால் நின்றுவிட்ட பாய்லரும் ஆபத்தானதே.

விபத்து நேர்ந்த ஆனி மாதம் நெய்வேலிக்குக் கோடை தணியும் காலம். பள்ளிகள் திறந்துவிடும், பண்ருட்டிப் பலாவின் வரத்து குறையத் தொடங்கும், வழக்கமான ஆண்டுகளில் புத்தகக் கண்காட்சிக்கு மாலையில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வரும். குடியிருப்பு வட்டங்களின் மரநிழல் சாலைகளில் ஷிப்டு முடித்தவர்கள் வீடு திரும்புவார்கள். அந்த ஜூலை 1 காலை வேலைக்குப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை.