வெனிலாவுக்குக் காட்டுச் சூழல் வேண்டும்

ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வெனிலா, ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. தென்கிழக்கு மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள மழைக்காடுகளே இதன் தாயகம். அங்கு மரங்களைப் பற்றி ஏறி, இலைகளின் ஊடே விழும் அரை வெயிலில் வளர்கிறது. வேர் ஆழம் போகாது. மக்கிய சருகிலேயே உணவைத் தேடிக்கொள்ளும்.

பயிரிடுவோர் இந்த இயல்பை மனத்தில் கொள்ள வேண்டும். கல்யாண முருங்கை, கிளைரிசிடியா போன்ற மரங்களில் கொடியை ஏற்றலாம். பாதி நிழல் தேவை. கடும் வெயிலில் இலை கருகும். தூரில் சருகு மூடாக்கு அவசியம். தண்ணீர் தேங்கினால் வேரழுகல் வரும்.

நட்ட 3-ம் ஆண்டில் பூக்கும். காலையில் மலரும் பூ பிற்பகலில் வாடிவிடும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு சவ்வு மறிப்பதால் பூ தானாகக் காய்ப்பது அரிது. தாயகக் காட்டில் இந்த வேலையைத் தேனீக்கள் செய்கின்றன. வேறிடங்களில் கையால்தான் செய்ய வேண்டும். குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தும் எளிய முறையை 1841-ல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். கொத்துக்கு 8 முதல் 10 பூக்களுக்குச் செய்தால் போதும். அதிகம் காய்த்தால் கொடி நலியும். காய் முற்ற 9 மாதம் ஆகும்.

ஓர் எச்சரிக்கை: 2003-ல் உச்சத்தில் இருந்த விலை 2005-க்குள் அடியோடு சரிந்தது. தென்னிந்திய விவசாயிகள் பலர் வெனிலாவைக் கைவிட்டனர். ஆகவே தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராக மட்டும், வாங்குவோரை உறுதி செய்துகொண்டு நடுவதே நல்லது.