பனியில்லா நாட்டவரும் பனிக்கால விளையாட்டும்

மார்கழி, தை மாதங்களில் மடுல்சீமைத் தோட்டங்களை மூடுபனி போர்த்துக்கொள்ளும். கம்பளியின்றி வெளிவர இயலாத அக்குளிரை அறிந்த எம்மவர்க்கும் வெண்பனி என்பது படத்திற் கண்ட பொருளேயாம். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகின்றது. இலங்கையின் மிகவுயர்ந்த பீதுருதாலகாலையோ 2,524 மீற்றரே. அதன் உச்சியிலுங்கூடச் சராசரி வெப்பநிலை 10 பாகையை ஒட்டியே நிற்கும். நுவரெலியாவிற் சில தெளிந்த இரவுகளிற் புல்லின்மீது உறைபனி படிவதோடு எமது குளிர்காலம் முடிந்துவிடுகின்றது. 2022 வரை நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் எதிலும் இலங்கை வீரர் தோன்றாமையில் வியப்பில்லை.

ஆயினும் பனியின்மை ஒன்றையே தடையெனக் கூறுதல் பொருந்தாது. 1988இல் யமேக்கா நாட்டவர் நால்வர் கனடாவின் கல்கரி நகரிலே பொப்ஸ்லெட் எனும் சறுக்குவண்டிப் போட்டியிற் புகுந்தனர். வண்டி கவிழ்ந்தது, உலகம் நகைத்தது. எனினும் 1994இல் நோர்வேயில் அந்நாட்டணி 14ஆம் இடம் பெற்று, அமெரிக்க ஐக்கிய நாட்டு அணியையும் முந்தியது! இதன் காரணம் எளிது. அவ்விளையாட்டின் வெற்றியிற் பெரும்பங்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும் முதல் ஐம்பது மீற்றரிலே தங்கியுள்ளது. அதற்கு வேண்டுவது விரைந்தோடுங் கால்களே. வண்டிக்குச் சக்கரம் பூட்டி வெயிலிலும் பழகலாம்.

லூஜ் அத்துணை எளிதன்று. சிறு சறுக்குப் பலகையில் மல்லாந்து, கால்களை முன்னீட்டிக் கிடந்து, பனிக்கட்டித் தடத்திலே மணிக்கு 130 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் இறங்கல் வேண்டும். கெண்டைக்கால் அழுத்தமும் தோளசைவுமே சுக்கான். வெற்றி தோல்வியை நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறு தீர்மானிக்கும். இதனைத் தேர்ந்தவர் சிவா கேசவன். தந்தையார் கேரளத்துத் தலச்சேரியினர், தாயார் இத்தாலியர், வளர்ந்தது இமயத்து மணாலிப் பகுதியில். இந்தியாவிற்கு இமயம் உண்டு. அவர் பழகுதற்கு லூஜ் தடம் இல்லை. ஆகவே பலகைக்குச் சக்கரம் பூட்டி, பாரவண்டிகளும் ஆட்டு மந்தைகளும் செல்லும் மலைப்பாதைகளிலே இறங்கினார். மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் வளைவுகளை அறிந்தோர் இதன் பொருளை உணர்வர். எம் சிறுவர் இதனைப் பின்பற்ற முயலாதிருப்பாராக!

1998இல் யப்பானின் நகானோ நகருக்கு அவர் சென்றபோது வயது 16. அங்கு இந்தியாவின் ஒரே வீரர் அவரே. 2011இல் ஆசியப் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றார். ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் அவர் கண்ட இன்னல்களுள் மிகக் கொடியது பனியால் விளைந்ததன்று. தேர்தல் முறைகேடு காரணமாக இந்திய ஒலிம்பிக் சங்கம் 2012இல் இடைநிறுத்தப்பட்டது. அதனால் 2014இல் உருசியாவின் சோச்சி நகரிலே தம் நாட்டுக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின்கீழ் அவர் அணிவகுத்தார். அங்கே பயிற்சியின்போது பலகையினின்றும் வீழ்ந்தவர், ஓட்டம் நிற்காமலே மீண்டும் அதன்மேல் ஏறிக்கொண்டார். வேறு எவர்க்கு இது வாய்க்கும்! பெப்ரவரி 11ஆந் திகதி தடை நீங்கியது. அவருடைய போட்டியோ 9ஆந் திகதியே முடிந்துவிட்டது. கதிரைகளில் இருந்தோர் செய்த பிழைக்குப் பலகையிற் கிடந்தவர் விலை கொடுத்தார். 2018இல் தென்கொரியாவின் பியொங்சாங்கில் இந்தியாவின் கொடியை ஏந்தி அணிக்கு முன்னே நடந்து, 34ஆம் இடத்தோடு ஓய்வு பெற்றார்.