மறக்கக் கற்ற கணிப்பொறி

1996ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள். நியூயார்க் நகரில் இணையத் தொடர்பு வழங்கிவந்த பானிக்ஸ் என்னும் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்கு விசித்திரமான நோய் ஒன்று கண்டது. மின்சாரம் இருந்தது, கம்பிகள் அறுபடவில்லை, கணிப்பொறிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆயினும் மின்னஞ்சலைக் கொண்டுவந்து கதவைத் தட்டிய வெளிக் கணிப்பொறிகளுக்கு அவை பதில் சொல்லவில்லை. நாட்கணக்கில் இந்தத் தொல்லை நீடித்தது.

நோயின் வேர் கெர்னலில் இருந்தது. கெர்னல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். கணிப்பொறியின் இயக்க அமைப்புக்குள் பருப்பைப் போல் அமைந்துள்ள பகுதி இது. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டுகளை இயக்குவது, பிற கணிப்பொறிகளுடன் தொடர்பு கொள்வது ஆகிய வேலைகள் யாவும் இதன் பொறுப்பு.

மூன்று படி வணக்கம்

இரு கணிப்பொறிகள் பேசத் தொடங்குமுன் ஒரு சடங்கு நடக்கிறது. டி.சி.பி. எனப்படும் விதிமுறை இதனை வகுத்துள்ளது. முதலில், அழைக்கும் கணிப்பொறி 'சின்' என்ற சிறு பொட்டலத்தை அனுப்புகிறது. "உன்னோடு பேச விரும்புகிறேன், என் வரிசை எண் இதிலிருந்து தொடங்கும்" என்பது அதன் பொருள். அழைக்கப்பட்ட கணிப்பொறி, "உன் எண் கிடைத்தது, என் தொடக்க எண் இது" என விடையளிக்கிறது. மூன்றாவதாக, முதல் கணிப்பொறி அந்த எண்ணோடு 1 கூட்டித் திருப்பி அனுப்புகிறது. தொடர்பு உறுதியாகிவிட்டது.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கவனியுங்கள். யார் அழைத்தார்கள், என்ன எண் கொடுத்தோம் என்பதைக் கெர்னல் ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அரைகுறைத் தொடர்புகளின் பட்டியல் என்று இதனைச் சொல்லலாம். 1983இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் அமைப்பையும் அதன் வழிவந்தவற்றையும் பார்த்தால், இப்பட்டியலில் வழக்கமாக 8 இடங்கள்தாம் இருந்தன. மூன்றாம் படி வராவிட்டால் கெர்னல் 75 விநாடிகள் காத்திருந்த பிறகே அந்த இடத்தைக் காலி செய்யும். கணிப்பொறிகள் குறைவாயிருந்த அந்நாளில் இது தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

பேருந்து வந்து நிற்குமுன்னே சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துண்டுக்குரியவர் ஏறி வந்தால் சரி. எட்டு இருக்கையிலும் எட்டுத் துண்டுகள் கிடந்து, அவற்றுக்கு உரியவர் எவருமே இல்லாவிட்டால்?

பானிக்ஸில் நடந்தது இதுவே. பொட்டலத்தில் அனுப்புநர் முகவரியை அனுப்புகிறவரே எழுதுகிறார்; அஞ்சல் உறையில் போலவே, பொய் முகவரியும் எழுதலாம். இல்லாத கணிப்பொறியின் முகவரியோடு 'சின்' பொட்டலம் வந்தால், விடை வெற்றிடத்துக்குப் போகும். மூன்றாம் படி வரவே வராது. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு 'சின்' பொட்டலம் 40 பைட் அளவுடையது. 75 விநாடிக்கு 8 பொட்டலங்கள், அதாவது 320 பைட். ஓர் அஞ்சலட்டையில் எழுதும் எழுத்துகளின் அளவே உள்ள தகவலைக் கொண்டு ஒரு பெரிய கணிப்பொறியின் வாயைக் கட்டிவிடலாம்! பானிக்ஸுக்கு வந்த பொட்டலங்களோ இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

நிரலை எழுதியவர்கள் கைத்தவறாக எதையும் எழுதிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். விதிமுறை சொன்னபடியே கெர்னல் நடந்துகொண்டது. வணக்கம் சொன்னவரெல்லாம் நல்லவர் என்ற நம்பிக்கையே பிழை. பில் செஸ்விக், ஸ்டீவ் பெல்லோவின் என்ற இரு அறிஞர்கள் 1994இலேயே இதைக் கண்டுகொண்டனர். தாங்கள் எழுதிய நூலில் ஒரு பத்தியாகவும் சேர்த்து, பின்னர் நீக்கிவிட்டனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மருந்து எதுவும் உருவாகவில்லை. 1996இல் ஓர் இதழ் தாக்கும் வழியை நிரலோடு அச்சிட்டுவிட்டது.

எண்ணுக்குள் ஒளிந்த நினைவு

பட்டியலை நீட்டலாம், எதிரி இன்னும் சில பொட்டலங்களைச் சேர்த்து அனுப்புவான். காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். மெதுவான இணைப்பில் இருக்கும் நல்லவர்கள் வெளியே நிற்க நேரிடும். விதிமுறையையே மாற்றலாம் என்றால், உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளை ஒரே நாளில் மாற்ற யாரால் முடியும்? அழைப்பவரிடம் எந்த மாற்றமும் கேட்காமல், அழைக்கப்படும் பக்கத்தில் மட்டும் திருத்தம் செய்தாக வேண்டும்.

அதே செப்டம்பரில், சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக் கழகத்தின் கணித அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டைன் ஒரு வழி கூறினார். பட்டியலில் எழுதவே வேண்டாம்! இரண்டாம் படியில் நாம் கொடுக்கும் தொடக்க எண்ணை நாமே விரும்பியபடி தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? நினைவில் வைக்கவேண்டியதை அந்த எண்ணுக்குள்ளேயே பொதிந்து கொடுத்துவிட்டு, வந்தவரை மறந்துவிடலாம். அவர் மெய்யானவராயின் அதே எண்ணை 1 கூட்டித் திருப்பிக் கொண்டுவருவார். இதற்கு 'சின் குக்கி' என்று பெயர்.

அந்த எண் 32 பிட் நீளமுடையது. முதல் 5 பிட்டுகளில் நேரம்: 64 விநாடிக்கு ஒருமுறை 1 கூடும் ஒரு கடிகார எண்ணை 32ஆல் வகுத்த மீதி. அடுத்த 3 பிட்டுகளில் பொட்டலத்தின் உச்ச அளவு. 3 பிட்டில் 8 அளவுகளைத்தான் குறிக்க முடியும். எஞ்சிய 24 பிட்டுகளே முத்திரை. இரு தரப்பு முகவரிகள், வாயில் எண்கள், நேரம் இவற்றோடு கெர்னலுக்கு மட்டுமே தெரிந்த ஓர் இரகசியத்தையும் சேர்த்து ஒரு சார்பின் வழியே கணக்கிட்டுப் பெறும் விடை அது.

மூன்றாம் படி வந்ததும் கெர்னல் 1 கழித்து, அதே கணக்கை மீண்டும் போடுகிறது. விடை பொருந்தி, நேரமும் அண்மையதாக இருந்தால் கதவு திறக்கும். பொய் முகவரி எழுதியவனுக்கு எண் போய்ச் சேராது. குருட்டாம்போக்கில் ஊகிக்கலாமென்றால், 24 பிட்டுகளில் அமையக்கூடிய எண்கள் 1,67,77,216!

ஒரு வகையில் இது பெரிய துணிச்சல். கவனமாக நினைவில் வைப்பதுதானே கணிப்பொறியின் பெருமை என்றிருந்தோம்?

இதற்கு ஒரு விலையும் உண்டு. முதல் பொட்டலத்தில் அழைப்பவர் கேட்கும் தனி வசதிகளைக் குறித்துவைக்க இந்த எண்ணில் இடமில்லை, அவை மறந்துபோகும். 1997 பிப்ரவரியில் எரிக் ஷெங்க் இம்முறையை லினக்ஸ் கெர்னலுக்காக எழுதி வெளியிட்டார். பட்டியலில் இடம் உள்ளவரை லினக்ஸ் பழைய வழக்கப்படியே குறித்துக்கொள்கிறது. பட்டியல் நிரம்பினால்தான் குக்கிக்கு மாறுகிறது. அப்போது, 'சின்' வெள்ளமாக இருக்கலாம், குக்கிகளை அனுப்புகிறேன் என்று தன் நாட்குறிப்பில் ஒரு வரியும் எழுதி வைக்கிறது.