ஓட்டாமலே குறையும் சார்ஜ்: பார்க்கிங்கில் நிற்கும் எலெக்ட்ரிக் காரில் என்ன நடக்கிறது?

பொங்கல் விடுமுறைக்கு ரயிலில் ஊருக்குப் போகிறீர்கள். எலெக்ட்ரிக் கார் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கிறது. 10 நாள் கழித்துத் திரும்பினால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத காரில் சார்ஜ் குறைந்திருக்கிறது. 'பேட்டரி போச்சா?' என்று பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம் வேறு.

சார்ஜ் எங்கே போகிறது?

லித்தியம் அயான் பேட்டரி சும்மா கிடந்தால் மாதத்துக்குச் சில சதவீதம்தான் தானாக இழக்கும். மிச்சத்தைத் தின்பது, நிறுத்திய பிறகும் வேலை செய்யும் காரின் கம்ப்யூட்டர்கள். நிறுத்திய கார் நாளுக்குச் சுமார் 1% இழக்கலாம் என்கிறது டெஸ்லாவின் கையேடு. சுற்றிலும் கேமராவில் கண்காணிக்கும் 'சென்ட்ரி மோட்' ஆனில் இருந்தால் கார் தூங்கவே தூங்காது. இழப்பு பல மடங்காகும். அதனால்தான் சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வசதி நின்றுவிடுகிறது.

'சார்ஜ் எவ்வளவு இருக்கு?' என்று அடிக்கடி ஆப்பைத் திறந்து பார்ப்பதும் பல கார்களை எழுப்பிவிடும்.

சின்ன பேட்டரி, பெரிய சிக்கல்

பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. கதவு லாக், திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. இது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் 80% இருந்தாலும் கார் ஸ்டார்ட் ஆகாது. சாதாரணமாக பெரிய பேட்டரிதான் இதற்கு அவ்வப்போது சார்ஜ் ஏற்றும். பெரியதே வற்றிப்போனால் அதுவும் நின்றுவிடும்.

கிளம்பும் முன் என்ன செய்யலாம்?

* சில வாரங்கள் நிறுத்துவதானால் சார்ஜை 50 சதவீதத்தை ஒட்டி வையுங்கள். 100 சதவீதமும் வேண்டாம், 10 சதவீதமும் வேண்டாம்.
* கேமரா கண்காணிப்பு, ஏசி டைமர் போன்றவற்றை ஆஃப் செய்யுங்கள்.
* கீலெஸ் சாவியைக் காருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.
* நிழலில் நிறுத்துங்கள். அதிக சார்ஜும் கடும் வெயிலும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும்.
* பிளக்கில் விட்டுப் போகலாமா என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டைப் பாருங்கள்.
* பல கார்களின் ரிமோட் சாவிக்குள்ளேயே உலோகச் சாவி ஒன்று இருக்கும். அதை எப்படி எடுப்பது என்று இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும், எல்லாம் ஆஃபில் இருக்கும்போதே சில நாட்களில் 12 வோல்ட் பேட்டரி திரும்பத் திரும்ப இறங்கினால், அது சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டிய கோளாறு.