குறளில் தூக்கமும் மடியும்

வள்ளுவர் மடியைக் கடிந்தார் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், காலந்தாழ்த்தல் அனைத்தையும் அவர் மடி என்றே கொண்டனரா என்பது வினவத்தக்கது. ‘வினைசெயல்வகை’ அதிகாரத்து இரண்டாங் குறளை உறக்கம் பற்றிய அறிவுரையாக முதுகலை மாணவர் சிலர் கொள்வதை வகுப்பிற் கண்டுள்ளேன். இப்பிழை சொற்பொருளளவில் நிற்பதன்று. ஆசிரியர் கருத்தையே மாற்றிவிடுகின்றது.

தூங்குதல் என்பதற்குத் தொங்குதல், அசைதல் என்பன பழம்பொருள்கள். தொங்கும் கூட்டினாலேயே தூக்கணங்குருவி அப்பெயர் பெற்றது. முடிவுறாது தொங்கிநிற்கும் வினைக்கும் இச்சொல் ஆகிவந்தது எனக் கொள்வதில் இடர்ப்பாடு இல்லை. ‘இறைமாட்சி’யில் அரசனுக்கு வேண்டுவனவாகக் கூறப்படுவனவற்றுள் தூங்காமை ஒன்று. அது கண்விழித்திருத்தல் அன்று, விரைவுடைமை. ‘வினைத்திட்ப’த்தில் வரும் தூக்கமும் நீட்டித்தலே. உறக்கத்தைச் சொல்லக் கருதியவிடத்து வள்ளுவர் துயில் என்னும் சொல்லையும் ஆள்கிறார். ‘மடியின்மை’யின் ஐந்தாங் குறளில் நெடுநீர், மறவி, மடி, துயில் என நான்கும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. கெடுவோர் விரும்பி ஏறும் மரக்கலம் இந்நான்கும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். ஒன்றை ஒன்றாக மயங்காதிருத்தற்கே இவ்வெண்ணுதல் போலும்.

இனி ‘வினைசெயல்வகை’க்கு வருவோம். துணிவு பிறந்தபின் தாழ்த்தல் தீது என்கிறது முதற்குறள். அதனை அடுத்தே, தாழ்த்துச் செய்யத்தக்கவற்றைத் தாழ்த்தே செய்க என்கிறது இரண்டாவது. முரண்போலத் தோன்றினும் முரணன்று. பொருள், கருவி, காலம், வினை, இடம் என்னும் ஐந்தனையும் எண்ணிச் செய்க என்று அதே அதிகாரம் பின்னர்க் கூறுதலின், தாழ்த்தலும் எண்ணத்தின்பாற்பட்ட ஒரு செயலாகின்றது. எண்ணாது நேர்வதே மடி.

இல்லத்திற்கும் இவ்விதி பொருந்துமோ எனின், பொருந்தாது என்பதே என் துணிபு. ‘குடிசெயல்வகை’ எட்டாங் குறள், குடியை உயர்த்த முயல்வார்க்குப் பருவம் என்பதே இல்லை என்கின்றது. ‘காலமறித’லுக்கு ஓர் அதிகாரமே வகுத்த ஆசிரியர், ஈண்டுக் காலம் பார்த்தலையே விலக்குகின்றார்.

இவ்வேறுபாட்டை யான் காலங்கடந்தே உணர்ந்தேன். ஆய்வேடு எழுதிய ஆண்டுகளில், உரைவேறுபாடுகள் கைக்கு எட்டும்வரை ஓர் இயலை நிறுத்திவைத்தேன். அது தூங்கிச் செய்யற்பாலது என்றே இன்றும் கருதுகின்றேன். ஆனால் தந்தையாரின் கண்ணோய்க்கு மருத்துவம் பார்ப்பதனையும் ‘இவ்வியல் முடியட்டும்’ என்று அதனோடு சேர்த்தே தள்ளிவைத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. இயல் முடிந்தபோது அவருக்கு ஒரு கண்ணின் பார்வை முற்றும் போயிருந்தது.

அவ்வெட்டாங் குறளில் மடியோடு மானமும் உடன்வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. குடியிலுள்ளோர் யாவரும் இன்புற்றிருக்க, யான் ஒருவனோ துன்புறுவது என்னும் எண்ணமே ஈண்டு மானம் என்பது பரிமேலழகர் உரையாற் பெறப்படும். உரை கற்ற காலத்தில் இப்பொருள் எனக்கு வலிந்து கொண்டதாகத் தோன்றிற்று. அந்நாள்களில் யான் மடிந்திருந்தேன் அல்லேன். இரவும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். உடன்பிறந்தார் இருவர் இருக்க, மருத்துவமனைக்கு யானே செல்லவேண்டுமா என்பதே அப்பொழுது என் நெஞ்சில் இருந்தது.