இராணுவ வழக்குக்கு வழக்கறிஞர்

பட்டாளத்தில் இருக்கும் மகன்மீது குற்றச்சாட்டு எழுந்தது என்றவுடன், புனேயிலோ தில்லியிலோ வாழும் தமிழ்க் குடும்பம் தன் வாடகை வழக்கை நடத்தித் தந்த வழக்கறிஞரிடமே ஓடுவது இயல்பு. அவர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆயினும் 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமும் 1954-ஆம் ஆண்டின் இராணுவ விதிகளும் வகுத்த விசாரணை முறை வேறு. அதில் பழகியவர் சிலரே.

ஆகவே, எவ்வகைக் ‘கோர்ட் மார்ஷல்’ என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். பொது, மாவட்ட இராணுவ நீதிமன்றங்களில் வழக்கறிஞர் அனுமதி பெற்று வாதாட விதிகளில் இடமுண்டு. சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் நேர்வதோ சுருக்க விசாரணை. அங்கே படைப்பிரிவின் தலைமை அதிகாரி ஒருவரே மன்றம். அவர் லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவராயின் ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் விதிக்கலாம். வழக்கறிஞர் அருகில் அமர்ந்து யோசனை கூறலாம். கேட்கவேண்டிய கேள்விகளை எடுத்துக் கொடுக்கலாம். சாட்சியைத் தாமே விசாரிக்கவோ மன்றத்தை நோக்கிப் பேசவோ இயலாது. பேசவேண்டியவன் சிப்பாயே!

அதனால் விசாரணைக்கு முந்திய நாட்களே விலையுயர்ந்தவை. குற்றச்சாட்டை அறிவித்தபின் சாதாரண காலத்தில் குறைந்தது 96 மணி நேரம் அளித்தல் வேண்டும்; போர்ப் பணிக் காலத்தில் 24 மணி நேரமே. குற்றச்சாட்டுப் பத்திரத்தைத் தனக்குப் புரியும் மொழியில் பெயர்த்துத் தரும்படி கேட்கலாம். தமிழில் கேட்கக் கூச்சம் வேண்டா.

ரஞ்சித் தாக்கூர் என்னும் சிப்பாய், உணவருந்த மறுத்த குற்றத்துக்காக ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் பெற்றார். அவர் எந்த அதிகாரிமீது முறையிட்டிருந்தாரோ, அவரே அம்மன்றத்தில் அமர்ந்திருந்தார். 1987-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ‘இவ்வதிகாரி விசாரிப்பதை ஆட்சேபிக்கிறேன்’ என்று உரிய வேளையில் சொல்லும்படி கற்பிப்பவரே இவ்வழக்குக்கு ஏற்ற வழக்கறிஞர்.

அத்தகையவரை எங்கே தேடுவது? 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது. தில்லியில் தலைமை அமர்வு. மும்பை, கொல்கத்தா, சண்டிகர், லக்னோ, ஜெய்ப்பூர், கொச்சி, சென்னை முதலிய இடங்களில் கிளை அமர்வுகள். அங்கே ஒரு நாள் சென்று, வழக்காடுவோரைக் கண்ணாரக் காணுங்கள். அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்தில் விசாரியுங்கள். ஓய்வுபெற்ற இராணுவச் சட்ட அதிகாரிகள் சிலரும் அங்கே தொழில் புரிகின்றனர். பழைய பதவிப் பெயரைக் கேட்டு மயங்காமல், வழக்கறிஞராகப் பதிவு பெற்றவரா, தாமே வாதாடுவாரா என்று கேளுங்கள். கட்டணத்தையும் எழுத்தில் பெறுங்கள்.

பணியிலிருப்பவர் தாம் பணிபுரியும் இடத்துக்குரிய அமர்வில் மனுச் செய்யலாம். பணியிலிருந்து நீங்கியவரோ தாம் வசிக்கும் இடத்துக்குரிய அமர்வையும் நாடலாம். ஓய்வூதியம், பதவி உயர்வு போன்ற விவகாரங்களில் இறுதி உத்தரவு தேதியிலிருந்து ஆறு மாதமே கெடு. பெண்களும் காவலில் இருப்போரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி கோரலாம். செல்லும்போது குற்றச்சாட்டுப் பத்திரம், சாட்சியச் சுருக்கம், தண்டனை உத்தரவு ஆகியவற்றின் நகல்களுடன், உத்தரவு கைக்கு வந்த தேதியையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள்.