நாலு பக்கத்துப் பத்திரிகை

முகப்பட்டை ஒன்று, பொருளடக்கம் ஒன்று, எதிரெதிராக விரியும் கட்டுரைப் பக்கங்கள் இரண்டு. ஆக நாலே பக்கம் கொண்டதும், விலை அச்சிட்டிருந்தும் விலைக்குக் கிடைக்காததும், முதல் இதழே கடைசி இதழாகிவிட்டதுமான ஒரு சங்கீதப் பத்திரிகை உருவான விதத்தை, முப்பத்தைந்து வருஷ காலம் அச்சுக்கூட மசியில் கை தோய்த்துப் பழகிய நான், 2012-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், லண்டன் புறநகர் ஒன்றிலுள்ள என் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்து பிரத்தியட்சமாகப் பார்த்தேன். அதன் ஆசிரியர், நிருபர், போட்டோகிராபர், லே-அவுட் ஆர்ட்டிஸ்ட், மெய்ப்புத் திருத்துபவர் எல்லாமே தம்பியின் மகள்தான், வயது பதினாறு.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் பொதுப் பரீட்சை முடித்தவர்கள் மேல்வகுப்பில் தமக்குப் பிடித்த மூன்று நான்கு பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு படிக்கிறார்கள். அவற்றுள் மீடியா ஸ்டடீஸ் என்பதும் ஒன்று. அது மிக்கி மவுஸ் பாடம் என்று அந்த நாட்டுப் பத்திரிகைகளே பரிகாசம் செய்வதுண்டு. பத்திரிகை செய்வது எப்படி என்று கற்பிக்கும் பாடத்தைப் பத்திரிகைகளே பரிகசிப்பதில் உள்ள வேடிக்கை ஒரு புறம் இருக்கட்டும். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், ஆர்.எஸ்.ஏ. என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஓ.சி.ஆர். என்று வழங்கும் தேர்வு வாரியம் அந்நாளில் வகுத்திருந்த திட்டப்படி, அச்சுத்துறையைத் தேர்ந்துகொண்ட மாணவர் முதலில் பயிற்சிக்காகப் பள்ளிப் பத்திரிகை ஒன்றின் அட்டையையும் பொருளடக்கத்தையும் அமைத்துப் பார்க்க வேண்டும். பிறகு புதிய சங்கீதப் பத்திரிகை ஒன்றின் நாலு பக்கங்களை முழுமையாகச் செய்து கொடுக்க வேண்டும். எழுத்தும் படமும் சொந்தச் சரக்காகவே இருத்தல் அவசியம். குறைந்த பக்ஷம் நான்கு படங்கள். நூறு மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கும் திட்டத்துக்கும் இருபது, பக்கங்களுக்கு அறுபது, ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தன் வேலையைத் தானே மதிப்பிடுவதற்கு இருபது. பத்திரிகைத் தொழிலில் இருந்த அத்தனை வருஷத்திலும் செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து மதிப்பிடும்படி என்னை ஒருவரும் கேட்டதில்லை; அடுத்த வார இதழ் தலைக்கு மேல் வந்து நிற்கும்போது யாருக்கு அதற்கு அவகாசம்?

ஆராய்ச்சி என்ற பெயரில் அவள் வாங்கிக் குவித்திருந்த பத்திரிகைகளைப் புரட்டியதில் எனக்கே பல விஷயங்கள் புதிதாகத் தெரிய வந்தன. என்.எம்.இ. என்று சுருக்கமாக வழங்கும் வார இதழ் 1952-இல் பிறந்தது. அவ்வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி இதழில், அதன் விளம்பரப் பகுதியில் இருந்தவர் சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்கு டெலிபோன் செய்து விசாரித்துத் தொகுத்த விற்பனைப் பட்டியல்தான் பிரிட்டனில் வெளியான முதல் இசைத்தட்டு விற்பனைத் தரவரிசை. கெராங் என்பது 1981-இல் தோன்றியது. மின்சாரக் கிதாரை ஓங்கி மீட்டும்போது எழும் ஓசையையே பெயராக்கி, அந்த ஓசையில் கண்ணாடி உடைந்ததுபோல எழுத்துகளில் விரிசலும் விட்டிருக்கிறார்கள். 1986-இல் தொடங்கிய ‘கியூ’வுக்கு, இசைத்தட்டை ஓட்டத் தயார்செய்து வைப்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லைத்தான் முதலில் எண்ணியிருந்தார்களாம், அதே சொல் ஸ்னூக்கர் ஆட்டக்காரரின் கோலையும் குறிக்குமாதலால், யாராவது விளையாட்டுப் பத்திரிகை என்று மயங்கிவிடப் போகிறார்களே என்று, அதே ஓசையுள்ள ஒற்றையெழுத்தாக மாற்றினார்கள். சிவப்புச் சதுரத்துக்குள் வெள்ளையாக அமர்ந்திருந்த அந்த ஓரெழுத்தைத் தெருக்கோடியிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பெயர் வைப்பதில் இவ்வளவு சூட்சுமம் இருப்பதை அறிந்த பிறகு குழந்தைக்குப் பெயர் தேடுகிற பாட்டியைப் போல நாலைந்து நாள் அவள் அலைந்தாள். கடைசியில் கிதார் கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கட்டையைக் குறிக்கும் நாலெழுத்து ஆங்கிலச் சொல்லில் வந்து நின்றாள். அந்தச் சொல்லுக்குக் கவலைப்படுதல், மனம் புழுங்குதல் என்றும் பொருள் உண்டு. பதினாறு வயதுக்காரர்களின் பத்திரிகைக்கு இரண்டு பொருளும் பொருந்தும் என்பது அவள் வாதம். நம் வீணையில் இருபத்துநான்காக அமைந்திருக்கும் அதையே நாம் மெட்டு என்கிறோம், பாட்டின் வர்ணமெட்டுக்கும் நமக்கு அதே சொல்தான் என்று நான் சொன்னபோது, தமிழில் சங்கீதமாக இருப்பது இங்கிலீஷில் கவலையாகிவிட்டதே என்று சிரித்தாள்.

முதல் அட்டை மூன்றே நாளில் தயாராகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்டான மனநிலையை மரியாதையான சொற்களில் சொல்வது கஷ்டம். ஏழு தலைப்புகள், ஏழு எழுத்துருக்கள். மூலைக்கு ஒரு நட்சத்திரம், நட்சத்திரத்துக்குள் ‘இலவசம்’. நடுவில் ஊதா நிறச் சுடரொளியில், இரவல் கிதாரைத் தழுவிக்கொண்டு நிற்கும் வகுப்புத் தோழி. கம்ப்யூட்டரில் எழுத்துருக்கள் காசில்லாமல் கிடைப்பதால் வந்த வினை இது. நான் வேலைக்குச் சேர்ந்த அச்சுக்கூடத்தில் தலைப்புக்கென்று இருந்தவை இரண்டே வகை. மூன்றாவது வேண்டுமென்றால் பவுண்டரிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். தரித்திரம் எங்களுக்குச் செய்த உபகாரத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் தாங்களாகவே தங்களுக்குச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஊதா நிறமோ திரையில் மின்னியதே ஒழிய, காகிதத்தில் இறங்கியதும் நாவல்பழக் கறையாக மங்கிப்போயிற்று. திரையில் வெளிச்சமாக வருகிற நிறம் வேறு, நாலு மசிகளின் கலப்பில் காகிதத்தில் ஏறுகிற நிறம் வேறு என்பதை அவளுக்கு நான் சொல்ல நேரவில்லை, பிரிண்டரே சொல்லிவிட்டது.

அவளைப் படாதபாடு படுத்தியது தோழியின் தலைமுடி. சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டு எடுத்த படம் அது. விரிப்பை நீக்கிவிட்டு உருவத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் அதற்கு மந்திரக்கோல் என்றே பெயருள்ள ஒரு கருவி இருக்கிறது. தோள் வரைக்கும் மந்திரம் பலித்தது. சுருட்டை மயிரில் பலிக்கவில்லை. சுருளுக்குச் சுருள் விரிப்பின் வெண்மை ஒட்டிக்கொண்டு, தலையைச் சுற்றி நுரை கட்டினாற்போல நின்றது. இரண்டு இரவு அந்த நுரையை ஓரம் ஓரமாகச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்டத் தோழி மொட்டையாகிக்கொண்டே வந்தாள். பிளாக் செய்கிறவர்கள் இரும்பு ரம்பத்தால் துத்தநாகத் தகட்டை அறுத்து உருவத்தின் விளிம்பை ஒதுக்கிய காலத்திலும் தலைமுடி இதே சண்டித்தனம் செய்ததுண்டு. அப்போது நாங்கள் ஒதுக்காமலே விட்டுவிடுவோம். மூன்றாம் நாள் அவளும் அந்த முடிவுக்கே வந்தாள். பள்ளிக்கூடத்துச் சாம்பல் நிறச் சுவரின் முன்னால் தோழியை நிறுத்திப் புதிதாகப் படம் எடுத்து, அட்டை முழுவதற்கும் அதே சாம்பல் நிறத்தைப் பின்னணியாக்கினாள். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். முடி தன் இஷ்டம்போலப் பறந்தது. அட்டைக்கும் அப்போதுதான் ஒரு முகக்களை வந்தது.

இருந்தாலும் என் கண்ணுக்குப் படாத ஒரு குற்றம் அதில் மிச்சம் இருந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் பத்திரிகைகளைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். அட்டையின் மேற்பாதி தெரிந்தால் போதும். இங்கிலாந்துக் கடைகளில் ஒன்றின் மேல் ஒன்று சரியச் சாத்தி அடுக்குகிறார்கள். அட்டையின் இடப்புற மூன்றிலொரு பாகமே கண்ணுக்குத் தெரியும், ஆகையால் முக்கியமான சொற்களை இடப்பக்கத்தில் வைக்க வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தாள். படித்ததைச் சோதித்துப் பார்க்க, அட்டையைக் கெட்டிக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். அனுமதி கேட்டதும், “வையுங்கோ, வையுங்கோ” என்று அடுக்கில் தாமே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டு நிஜப் பத்திரிகைகளுக்கு நடுவே அதைச் செருகிவிட்டு, பால் டப்பாக்கள் இருக்கும் மூலை வரையில் பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தோம். கடைக்காரரும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“உது என்ன புத்தகம், பிள்ளை? பேரைக் காணேல்லையே.”

நாலெழுத்துப் பெயரில் நடு இரண்டெழுத்தைத் தோழியின் தலை மறைத்திருந்தது. பெரிய பத்திரிகைகள் அப்படித்தானே செய்கின்றன, கியூவில்கூட எழுத்தின் மேல் பாடகர் தலை வருகிறதே என்று அவள் சமாதானம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, “அதுகளை எல்லாருக்கும் தெரியும், மறைச்சாலும் எடுப்பினம். உம்முடையதை ஆருக்குத் தெரியும்? புதுசா வாறவர் முதல்ல பேரைச் சொல்ல வேணும்” என்றார். மாதக்கணக்கில் அவள் படித்த பாடநூலும் முப்பத்தைந்து வருஷத்து என் அனுபவமும் சேர்ந்து காணாத விஷயத்தைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றபடி அவர் கண்டு சொன்னார். பெயரை மறைக்கும் உரிமை சம்பாதித்துக் கொள்ள வேண்டிய ஒன்று என்று எனக்கும் அதுவரை தோன்றியதில்லை. அன்றிரவே தோழியின் தலை இரண்டங்குலம் கீழே இறங்கிற்று.

பொருளடக்கப் பக்கம் அதிகத் தொந்தரவு கொடுக்கவில்லை. எழுதப்படவே போகாத இருபது கட்டுரைகளுக்கு ஆசை ஆசையாகத் தலைப்பு வைத்துப் பக்க எண்ணும் கொடுத்திருந்தாள். அவற்றில் இரண்டு மூன்றை நிஜமாகவே படிக்க மாட்டோமா என்று எனக்கு இருந்தது.

கட்டுரைப் பக்கங்கள்தாம் நாலைந்து தடவை உருமாறின. மரபான வடிவங்களை உங்கள் படைப்பு எவ்வாறு கைக்கொள்கிறது, எவ்வாறு வளர்க்கிறது அல்லது எவ்வாறு மீறுகிறது என்பது அந்த ஏழு கேள்விகளில் முதலாவது. மீறுவது என்ற சொல்லைப் பார்த்தால் பதினாறு வயது சும்மா இருக்குமா? அமெரிக்காவில் ரே கன் என்ற சங்கீதப் பத்திரிகையை வடிவமைத்த டேவிட் கார்சன் என்பவர், பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சுவாரஸ்யமாக இல்லை என்று கருதி, பேட்டி முழுவதையும் எழுத்தே இல்லாத, வெறும் பூக்களும் அம்புகளும் கைச்சின்னங்களுமான ஓர் உருவில் கோத்து 1994-இல் அச்சிட்டுவிட்டார். இந்தப் பிரதாபம் அவள் காதில் விழுந்ததிலிருந்து பத்திகள் சாயத் தொடங்கின. ஒரு பத்தி குப்புறக் கவிழ்ந்தது. கேள்விகள் பக்கத்தின் ஓரத்தில் எறும்புச் சாரி போல மேலேறின. கார்சன் மகா கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பேட்டி கொடுத்தவரின் பேச்சு நன்றாக இல்லை என்றால் எடிட் செய்ய வேண்டும் அல்லது போடாமல் விடவேண்டும், வாசகனைத் தண்டிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம், அதை அவளிடம் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பேட்டியும் முதலில் வெறும் ஸ்தோத்திரமாகத்தான் இருந்தது. இல்லாத பாடகியை இல்லாத நிருபர் சந்தித்து, உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்கிற கதை. பிறகு என்ன நினைத்தாளோ, கிதாரோடு படத்துக்கு நின்ற அந்தத் தோழியையே உட்கார வைத்து, வாசிக்கக் கற்றதில் எது கஷ்டம் என்று நிஜமாகவே கேட்டிருக்கிறாள். தந்தி அழுத்தி அழுத்தி விரல் நுனி கொப்புளித்ததையும், காய்த்துப்போன விரலால் கைபேசித் திரையைத் தொட்டால் சில சமயம் அது கேட்பதில்லை என்பதையும், வீட்டில் திட்டுவார்களென்று தலையணையை மடியில் வைத்துச் சத்தத்தை அமுக்கி வாசித்ததையும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். தலையணைச் செய்தியைப் பெரிய எழுத்தில் எடுத்துப் பக்கத்தின் நடுவில் போட்டதும், சாய்ந்திருந்த பத்திகள் யாரும் சொல்லாமலே நிமிர்ந்துவிட்டன. படத்தில் இருந்த முகத்தையும் வலப்பக்கமாக நகர்த்தினாள். அதுவரை மூக்கு இரண்டு பக்கங்களும் கூடும் மடிப்புக்குள் போய்ப் புதைந்திருந்தது.

நான் செய்த ஒரே உருப்படியான உதவி பக்க எண் விஷயத்தில். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு 35, 36 என்று எண் கொடுத்திருந்தாள். புத்தகம் எதுவானாலும் விரித்தால் இடப்பக்கம் இரட்டைப்படை, வலப்பக்கம் ஒற்றைப்படை. 35-உம் 36-உம் ஒரே தாளின் முதுகும் முகமும் ஆகையால் அவை ஒன்றையொன்று பார்க்கவே முடியாது என்று பீரோவிலிருந்த புத்தகங்களையெல்லாம் விரித்துக் காட்டினேன். “இத்தனை நாள் இதைக் கவனிச்சதே இல்லை, பெரியப்பா” என்று ஆச்சரியப்பட்டு, உடனே 34, 35 என்று மாற்றினாள்.

முன்மாதிரியாக மேஜைமேல் கிடந்த பத்திரிகைகளுள் என்.எம்.இ. வார இதழின் அச்சுப்பதிப்பு 2018-இலும், கியூ 2020-இலும் நின்றுபோயின. அந்தப் பனிக்காலத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஊர் திரும்பும் நாளில் நாலு பக்கங்களையும் பளபளப்புக் காகிதத்தில் அச்செடுத்து உறையில் போட்டுக் கொடுத்தாள். அதற்கு முந்தைய வாரமே உபாத்தியாயினியிடம் சமர்ப்பித்தாகிவிட்டது. விமானத்தில் உறையைப் பிரித்து, பழக்க தோஷத்தால் முதல் வரியிலிருந்து மெய்ப்புப் பார்ப்பதுபோல் படித்துக்கொண்டே வந்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அட்டையில் பெயர் பளிச்சென்று நாலெழுத்தும் தெரிந்தது. பொருளடக்கத்துக்கு வந்தேன். ‘தலையணை மேல் கிதார்’ என்ற கட்டுரைக்கு எதிரே, பக்கம் 35 என்று இருந்தது.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த ஐந்தைச் சுழித்து, ஓரத்தில் நாலு என்று எழுதினேன்.